டாலர் நகரத்துக்கு யார் முகம்?

அவிநாசியிலிருந்து பழைய சாலையில் திருப்பூருக்கு வருகிறவர்களுக்குத் திருமுருகன்பூண்டி வந்துவிட்டதைப் பெயர்ப்பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தும்பிக்கை மட்டும் வெளியே வந்த பிள்ளையார், கண் திறக்காத அம்மன், முதுகு இழைத்துக் கால் இழைக்காத நந்தி, தலை இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிற ஆஞ்சநேயர் என்று சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். சிலர் ஆளைவிட உயரம், சிலர் லாரியைவிட. அவர்களுக்கும் சாலைக்கும் இடையிலான சந்தில் கோன் நூல் ஏற்றிய டெம்போவும் பனியன் கம்பெனி வேனும் புகுந்து போய்க்கொண்டிருக்கும். கல்லறுக்கும் கட்டர் சத்தம் ஒரு பக்கம், பக்கத்துக் கட்டடத்து மாடியிலிருந்து ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சல் ஒரு பக்கம்.

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சிறு நகரங்கள் சாலையோரத்தில் ராட்சதச் சிற்பம் வைத்துத் தங்களை அறிமுகம் செய்துகொள்கின்றன. நம்மிடம் சிற்பிகளே ஊராக வாழும் ஊர் ஒன்று, பின்னலாடைத் தொழிலின் மடியிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டறைகளில் உருவாகும் எதிலும் திருப்பூர் இல்லை.

பூண்டியின் வேலை ஆர்டர் வேலை. எங்கோ ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் குறித்திருப்பார்கள்; மூலவரோ துவாரபாலகரோ வேண்டும் என்று அளவு எழுதி அனுப்புவார்கள். கல் வந்து இறங்கியதும் தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்று மணி போல ஒலித்தால் ஆண் கல். ஒலி மெலிந்து இழைந்தால் பெண் கல். ஓசையே எழும்பாத கல் மூர்த்திக்கு ஆகாது, படிக்கட்டுக்கும் தளத்துக்கும் போய்விடும். பிறகு கோடு போடுவது. முகத்தின் நீளம் ஒரு தாளம். மனித உருவத்துக்கு எட்டுத் தாளம், தெய்வங்களுக்கு ஒன்பதும் பத்தும் என்பது சிற்ப நூல்களின் கணக்கு. உளியும் சுத்தியும் மட்டும் இருந்த காலம் போய், பருவெட்டுக்கு இப்போது மின்சாரக் கட்டர் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. தூசும் அதே வேகத்தில் எழும்புகிறது. அந்தத் தூசுக்கு மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுவதற்குக் கையருகே கிடைப்பது பனியன் துணி. இந்த ஊரில் கல்லும் துணியும் ஒன்றையொன்று தொடுகிற இடம் அனேகமாக அது மட்டும்தான்.

வேலை முடிந்ததும் சாமி கிளம்பிவிடும். கிரேன் வரும், வைக்கோல் பரப்பிய லாரி வரும். போன இடத்தில் பூண்டியின் பெயரை யாரும் கேட்கப் போவதில்லை. கோவை புலியகுளத்தில் முந்தி விநாயகரைப் பார்த்து வாய் பிளக்காதவர் குறைவு. 19 அடி உயரம், சுமார் 190 டன், ஒரே கல். அந்தக் கல் ஊத்துக்குளிப் பக்கம் எடுத்தது என்பது கோயில் வரலாறு. கும்பிடுகிற எத்தனை பேருக்கு ஊத்துக்குளி நினைவுக்கு வருகிறது? அவர்களுக்கு ஊத்துக்குளி என்றால் வெண்ணெய்தான்.

டாலர் நகரம் என்று பெயரெடுத்த திருப்பூரின் பிழைப்பும் இதே மாதிரிதான். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்பார்கள். 1990இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் பிறந்தது. 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. அத்தனை துணியிலும் கழுத்துப்பட்டியில் தைக்கிற லேபிள் யாருடையது? வாங்குகிறவருடையது. நூல் இங்கே துணியாகி, சாயமேறி, வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, பிசிர் வெட்டி, அயர்ன் போட்டு, அட்டைப்பெட்டிக்குள் போகிறது. பெட்டியைத் திறக்கிறவருக்கு நாட்டின் பெயர் தெரியும், ஊரின் பெயர் தெரியாது.

வெளியூர்க்காரர் கண்ணிலும் ஊர் படுவதில்லை. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் போகிறவர் பெருந்துறை, விஜயமங்கலம், செங்கப்பள்ளி, பெருமாநல்லூர், அவிநாசி என்று கடந்து கோவைக்குப் போய்விடுவார். திருப்பூர் தெற்கே பல கிலோமீட்டர் தள்ளி நொய்யல் கரையில் கிடக்கிறது. ரயிலில் வருகிறவருக்காவது இரண்டு நிமிட தரிசனம் உண்டு. காரில் போகிறவருக்கு உள்ளாடை விளம்பரத் தட்டிகள்தான் திருப்பூர்.

நெடுஞ்சாலை தந்த வாழைப்பழம்

வெளிநாடுகளில் இந்த ராட்சத உருவங்கள் கலை ஆர்வத்தில் பிறந்தவை அல்ல. அநேகமாக எல்லாமே சாலை ஏற்படுத்திய பயத்தில் பிறந்தவை. கார்க்காரன் நிற்காமல் போய்விட்டால் கடை என்னாகும் என்ற பயம். 1964இல் ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில், தோட்டத்து ஓரத்தில் வாழைப்பழக் கடை வைத்திருந்தவர் 13 மீட்டர் நீளத்தில் ஒரு சிமென்ட் வாழைப்பழத்தைக் கட்டி வைத்தார். வண்டிகள் நின்றன. அதைப் பார்த்து அன்னாசி ஊர் அன்னாசியை வைத்தது, சிங்கி இறால் ஊர் இறாலை வைத்தது. இன்று அந்த நாட்டில் இப்படி நூற்றைம்பதுக்கும் மேல் உண்டு. 2007இல் அவற்றுக்கு அஞ்சல் தலையே வெளியிட்டார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் கோல்பர்ன் என்ற ஊர். கம்பளி ஊர், அதாவது ஆட்டு ரோமத்தை நம்பிய ஊர். 1985இல் 15 மீட்டர் உயரத்தில் ஒரு மெரினோ கிடாயைக் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். உள்ளே கம்பளிக் கடை, மேலே ஏறினால் ஆட்டின் கண் வழியாக ஊரைப் பார்க்கலாம். 1992இல் புறவழிச் சாலை வந்தது. கார்கள் ஊருக்குள் வராமலேயே போக ஆரம்பித்தன. கிடாயின் வியாபாரம் படுத்தது. கோல்பர்ன்காரர்கள் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. 2007 மே மாதம் கிட்டத்தட்ட 97 டன் எடையுள்ள அந்தக் கிடாயை வண்டியில் ஏற்றி, புதிய சாலை பிரியும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கனடாவில் வாவா என்ற ஊரும் அப்படித்தான். 1960இல் நாடு தழுவிய நெடுஞ்சாலை ஊரை விட்டு ஒதுங்கிப் போனதும், சாலைத் திருப்பத்தில் 28 அடி வாத்தை நிறுத்தியது.

திருப்பூருக்கு அந்தப் பயம் இல்லை. சரக்கு வாங்குகிறவன் விமானத்தில் வந்து இறங்கி நேரே கம்பெனிக்கு வருகிறான். சில்லறைக்காரர்கள் ரயிலேறிக் காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு வருகிறார்கள். வழிப்போக்கரை நிறுத்தி விற்க வேண்டிய அவசியம் இந்த ஊருக்கு இருந்ததில்லை. தன்னைப் பார்க்கச் சொல்லி ஒரு உருவம் எழுப்ப வேண்டும் என்று தோன்றாமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஊருக்கொரு பொருள்

இந்த மாவட்டத்தில் உருவம் வைக்கப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. அனுப்பர்பாளையத்துக்குப் பித்தளைக் குடம், பல்லடத்துக்குக் கறிக்கோழி, ஊத்துக்குளிக்கு வெண்ணெய்ச் சட்டி. எல்லை தாண்டினால் சென்னிமலைக்குப் போர்வை. அவிநாசிக்குத் தேரும் உண்டு, முதலையும் உண்டு. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையை அந்த ஊர் கல்லிலும் திருவிழாவிலும் இன்றும் வைத்திருக்கிறது. அதே சுந்தரரிடம் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னைச் சிவபெருமான் தன் பூதகணங்களை வேடராக அனுப்பிப் பறித்துக்கொண்ட இடம் பூண்டி என்கிறது தலவரலாறு. வழிப்பறிக்கே கோயில் கண்ட வழி இது. இன்றைய சுங்கச்சாவடிகளை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் போனால் வேறொரு காட்சி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குச் சுழலும் காற்றாலைகள். யாரும் அழகுக்காக வைக்கவில்லை. ஆனால் பல மைல் தொலைவிலிருந்தே ஊரை அடையாளம் காட்டுபவை அவைதான்.

காங்கயம் காளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வார்த்து வைத்தது போன்ற உடல் அதற்கு. பிறக்கும்போது செம்பழுப்பு, ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிறம்; காளைக்குத் தலையும் திமிலும் தோளும் கருத்து நிற்கும். இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர்களின் பங்கு பெரிது. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாச் சந்தையில் இன்றும் மாடு பிடிக்கக் கூட்டம் கூடுகிறது. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காளை உருவத்துக்கு ஏறிய மவுசு தெரிந்ததே. காரின் பின்கண்ணாடியில் கூட அதுதான். ஆனால் காளையை மட்டும் சிலையாக்கிவிட்டு, அது மேய்ந்த கொறங்காட்டை வீட்டுமனை போட்டால் என்ன மிச்சம்? கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல மரம் விட்டு வைத்த அந்த மேய்ச்சல் நிலம்தான் காளையின் உடம்பாக நிற்கிறது. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்கச் சிலை பெரிதாகிறது என்றால் அதைக் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

திருப்பூர் நகரத்துக்கு என்று வரும்போது முதலில் நினைவுக்கு வருபவர் குமரன். 1904இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று கொடி ஏந்திச் சென்ற ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, மறுநாள் உயிர் விட்டார். கொடியைக் கீழே விடவில்லை. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அவருக்கான நினைவகமும் அவர் பெயரிலான சாலையும் இருக்கின்றன. கதர் காலத்துத் திருப்பூருக்கு அவர் முகம் போதும். நெய்தவர் வீட்டுப் பிள்ளை, காந்தி வந்து போன கதர் ஊரில், துணிக்கொடிக்காக இறந்தார். இதைவிடப் பொருத்தம் எந்த ஊருக்கும் அமையாது. ஆனால் பனியன் காலத்துத் திருப்பூருக்கு?

இரண்டு வெளிநாட்டு ஊசிகள்

துணி நகரங்கள் தங்களுக்கு எப்படி உருவம் வைத்துக்கொண்டன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். இத்தாலியின் மிலான் நகரில், கடோர்னா ரயில் நிலையத்தின் முன்னால் 2000ஆம் ஆண்டில் ஒரு ராட்சத ஊசி நடப்பட்டது. 18 மீட்டர் உயரம். காதில் கோத்த வண்ண நூல் தரைக்குள் புகுந்து, சற்றுத் தள்ளி இருக்கும் நீர்த்தொட்டியில் முடிச்சாக எழும்பும். ஓல்டன்பர்க், வான் புரூகன் என்ற சிற்பித் தம்பதியின் வேலை. நவநாகரிக உடைக்குப் பேர்போன ஊருக்குக் கச்சிதமான நகைச்சுவை.

நியூயார்க்கின் ஏழாவது அவென்யூவில், ஆயத்த ஆடைத் தொழில் நடந்த பகுதியிலும் ஒரு பெரிய ஊசி உண்டு. பித்தானைக் கோத்து நிற்கிறது. அதே பகுதியில் ஜூடித் வெல்லர் என்ற சிற்பி 1984இல் வைத்த வெண்கலச் சிலை ஒன்றும் இருக்கிறது. தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்த ஒரு மனிதர். தலையில் யூதர்கள் அணியும் சிறு குல்லா, இரண்டு கைகளும் துணியின் மேல், முகம் கீழே. சிற்பியின் தந்தையும் தையல் தொழிலாளிதான். நடந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஊசியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் எது திருப்பூருக்கு வேண்டும் என்று கேட்டால், எனக்கு ஊசி வேண்டாம்.

ஊசியோ டி-ஷர்ட்டோ கோனோ வைப்பது சுலபம். ஃபைபரில் வார்த்து, நெடுஞ்சாலையில் நிறுத்தி, அடியில் ஊர்ப் பெயரை எழுதி, பின்னால் விளக்குப் போட்டுவிடலாம். செல்ஃபிக்கு நன்றாக இருக்கும். ஆனால் பண்டத்தைத்தான் நாம் ஏற்கெனவே உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறோமே. உலகம் பார்க்காதது அதைத் தைத்தவரைத்தான்.

காலை எட்டு மணிக்குப் பூண்டியிலும் அனுப்பர்பாளையத்திலும் சந்து சந்தாக நின்று பாருங்கள். ஒயர் கூடையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள். தையல் பிரிவில் பெரும்பகுதி அவர்கள்தான். ஓவர்லாக்கில் உட்கார்ந்தவரின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் சிற்பிக்கு அதில் என்ன சிக்கல் என்று புரியும். நாலு கோனிலிருந்து நூல் மேலே ஏறி இறங்குகிறது. இரண்டு துண்டுகளின் ஓரத்தைச் சேர்த்து வலது காலால் பெடலை அழுத்தினால், கத்தி பிசிரை அறுக்க அறுக்க ஊசி தைத்துக்கொண்டே போகும். இடது கை துணியைத் திருப்பும் அழகில்தான் கைக்குழி வளைவு பிசகாமல் வருகிறது. பின்னல் துணி இழுத்தால் நீளும் சங்கதி; நெய்த துணி மாதிரி இழுத்துப் பிடிக்கக் கூடாது, விட்டுப் பிடிக்க வேண்டும். முதுகு வளைந்தே இருக்கிறது. கண்கள் ஊசியை விட்டு எடுக்க முடியாது. ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம் இதே நிலை. பக்கத்தில் கைமடி அடித்துக் கொடுப்பவரும், டேமேஜ் பார்ப்பவரும், கட்டு எண்ணி அடுக்குபவரும் நின்றபடியே இருக்கிறார்கள். இவர்களில் பலர் இன்று ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அந்த முகத்தையும் சேர்க்காமல் செய்கிற எந்தத் திருப்பூர்ச் சிலையும் அரைகுறைதான்.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னை மெரினாவில் 1959இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கொங்கு மண்ணில் அந்த மரபு உண்டு. வயல் வரப்பிலும் ஊர் எல்லையிலும் புலிகுத்திக்கல் நிற்கிறது. பின்னங்காலில் எழுந்து பாயும் புலி, அதன் வயிற்றில் ஈட்டியோ வாளோ பாய்ச்சும் ஆள். ஊர் மாட்டைக் காக்கப் போய்ச் செத்த மேய்ப்பனுக்கு ஊர் எடுத்த கல். திருப்பூரின் வீரராசேந்திரன் வரலாற்று ஆய்வு மையத்தினர் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட நடுகற்களைப் பதிவு செய்து வருகிறார்கள். அரசனுக்கு மட்டும்தான் கல் என்று இந்த வட்டாரம் ஒருபோதும் நினைத்ததில்லை.

உயரப் போட்டி வேண்டாம்

சிலை என்றதும் நம் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி எத்தனை அடி என்பது. மலேசியாவின் பத்துமலை முருகன் 2006இல் 140 அடியில் எழுந்தார். திருவாரூர் தியாகராஜன் என்ற அதே சிற்பி வடித்த புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகனுக்கு 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது, 146 அடி. ஆறு அடி கூடுதல். அந்த ஆறு அடிக்குப் பக்தியில் என்ன விளக்கம் இருக்கிறதோ தெரியவில்லை. இதற்கு எதிராகக் கன்னியாகுமரி வள்ளுவரை வைத்துப் பாருங்கள். 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடிச் சிலை. கணபதி ஸ்தபதியின் வேலை. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு, மேலே 95 அடி மற்ற இரண்டு பாலுக்கு. அடிக்கு அடி காரணம் இருக்கிறது. உயரத்துக்குக் காரணம் இருந்தால் வைக்கலாம்.

இரண்டாவது தொல்லை, இடம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றமும் தலைவர் சிலைகளைப் பொது இடங்களிலிருந்து எடுத்துத் தனிப் பூங்காவில் வைக்கும்படி சொன்னது. காரணம் எல்லோரும் அறிந்ததே. நம் ஊர்களில் சிலை என்பது பல இடங்களில் இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. ஒருவர் மாலை போடுவார், இன்னொருவர் சேதம் செய்வார், பேருந்து ஓடாமல் நின்றுவிடும். சாலை நடுவில் இன்னொரு பீடம் வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் பெருமாநல்லூர்ப் பக்கம், ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா இருக்கிறது. நெடுஞ்சாலைக்குக் கிட்டத்தில், தனிப் பூங்காவுக்குள், சட்டச் சிக்கல் இல்லாத மனை.

ஊரின் பெருமையை மட்டும் செதுக்கினால் அது விளம்பரமாகிவிடும் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. இதே ஊரில் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சாயக்கழிவு கலந்து நொய்யல் நிறம் மாறியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் வேறு வழியின்றி வந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது முதலில் ஷிப்ட் குறைந்தது தையல்காரருக்குத்தான். பீடத்தின் நாலு பக்கத்துப் புடைப்புச் சிற்பத்தில் இவை எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கலாம்: கொடியோடு குமரன், வேலைநிறுத்தக் கூட்டம், நுரை மிதந்த ஆறு, ரயிலிலிருந்து மூட்டையோடு இறங்கும் பிகார் பையன். கோயில் தேரில் சின்னச் சின்னப் பலகையில் மொத்தப் புராணமும் சொல்லத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

தாளக் கணக்கில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிற்கும் உருவத்துக்கும் யோகத்தில் அமர்ந்த உருவத்துக்கும் அளவு இருக்கிறது. மெஷினில் குனிந்த பெண்ணுக்கு எந்த நூலிலும் அளவு இல்லை. முகம் கீழே பார்க்கிறதென்றால் பார்வையாளர் எங்கே நின்று பார்ப்பது? தாழ்ந்த பீடம் வைத்து ஆளையும் மெஷினையும் பெரிதாகச் செய்தால், கீழே நிற்கிறவர் அண்ணாந்தால் குனிந்த முகம் நேரே தெரியும். பூண்டியில் எந்தப் பெரிய சிற்பியிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் கோடு போட்டுக் காட்டுவார்.

ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆர்டரைச் சென்னைக்கோ மும்பைக்கோ கொடுக்காதீர்கள். ஃபைபரும் வேண்டாம், ஊத்துக்குளிக் கல்லே ஆகட்டும். பட்டறை எட்டு கிலோமீட்டரில் பூண்டியில் இருக்கிறது. அளவெடுக்க ஒரு தையல்காரப் பெண்ணை அரை நாள் சம்பளத்தோடு அனுப்பி வையுங்கள். திறப்பு விழாவில் அடியில் பொறிக்கும் பெயர்ப் பட்டியலில் அமைச்சருக்கு முன்னால் சிற்பியின் பெயர் வரட்டும்.